ஐந்து ஸ்பீக்கரும் ஒரு காதும்

ஹாலில் மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கியாயிற்று. மிக்சியைத் தொடக் கூடாது என்று அடுப்படிக்கு உத்தரவு போயிருந்தது. ஹாலின் நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் கவிழ்த்து வைத்த மரக்கால், மரக்காலின் மேல், ஹாலில் சத்தம் எப்படிக் கேட்கும் என்று அளக்க, கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன மைக். உட்கார்ந்திருப்பவரின் காது இருக்கும் உயரத்தில் அந்த மைக் இருக்க வேண்டுமாம். வீட்டில் எதையெதையோ அடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் நெல் அளக்கும் மரக்கால்தான் சரியாக வந்தது. "யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் மச்சான். அறுவடை முடிந்து வலது பக்கச் சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை ஒட்டி நானும் என் மகளும் நின்றோம். முன்னால் இடது மூலையிலிருந்த ஸ்பீக்கர் 'சர்ர்' என்று இரைந்து நின்றது. அடுத்து நடுவில் இருந்தது. அடுத்து வலது. அதன்பின் மூட்டைகளின் உச்சியில் ஏற்றி வைத்திருந்தது, கடைசியாகப் பின்பக்க இடது மூலை. வகுப்பில் பெயர் வாசிக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல ஐந்தும் சொல்லி முடித்தன. தரையில் இருந்த வூஃபர் மட்டும் கடைசி பெஞ்சுப் பையனைப் போல 'தும்' என்றது. மச்சான் முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வோம். கத்தாரில் பெரிய பெரிய வில்லாக்களில் வீட்டுத் தியேட்டர் அமைத்துக்கொடுக்கும் வேலை அவருக்கு. லீவில் வரும்போது மற்றவர்கள் சென்ட்டும் பாதாமும் கொண்டு வருவார்கள். இவர் அந்த முறை, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு ரிசீவர் பெட்டியையும் ஐந்து சின்ன ஸ்பீக்கர்களையும் ஒரு வூஃபரையும் துணிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "இதுக்கா ஏர்போர்ட்டுல அவ்வளவு நேரம் நின்னே? அந்த இடத்துல நாலு போர்வை வந்திருக்கும்" என்றாள் அவர் அக்கா. "போர்வை பேசாதுக்கா" என்றார் அவர்.

வலங்கைமானில் எனக்கு உரக்கடை. பி.எஸ்சி. படித்தவன் என்பதால் எதையும் விளக்கமாகக் கேட்பேன். மச்சானுக்கு அது போதும், பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். பழைய படங்களில் எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று முன்பே பிரித்து எழுதிவிடுவார்களாம். இப்போது வரும் அட்மாஸ் வகையில் அப்படியில்லை. ஒவ்வொரு சத்தமும் தான் எங்கே இருக்கிறேன் என்ற விலாசத்தைக் கையோடு கொண்டு வருகிறது. இந்தப் பறவை தலைக்கு மேலே, இந்த வண்டி பின்னால் வலது பக்கம் என்று. வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி பங்கு போடுவது ரிசீவரின் பொறுப்பு. "அங்க ஒவ்வொரு வீட்டுலயும் கூரைக்குள்ளயே ஸ்பீக்கரப் பொதைச்சிருப்பானுங்க மச்சான். நமக்குக் கூரையில ஒண்ணுமில்ல, பரவால்ல. ஒரு செட்டிங் இருக்கு. அதப் போட்டா, மேல வரவேண்டிய சத்தத்த இந்த அஞ்சையும் வச்சே மேலேருந்து வர்ற மாதிரி காட்டும். காத ஏமாத்துறதுதான்."

காதை ஏமாற்றுவது என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. என் மகளுக்கு வலது காது கேட்காது.

ஆறாம் வகுப்பில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. எல்லோர் வீட்டிலும் செய்வதுபோல என் மனைவி தன் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். வீக்கம் வடிந்தது, சங்கிலி திரும்பி வந்தது, நாங்களும் மறந்துவிட்டோம். கொஞ்ச நாள் கழித்து, கைப்பேசியை வலது காதில் வைத்துக்கொண்டு "அத்தா, இந்த போன் ரிப்பேர்" என்றாள். போனில் கோளாறில்லை. தஞ்சாவூரில் பார்த்த டாக்டரம்மா, நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்துப் பெரிய பலன் இருக்காது, இடது காது நன்றாக இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளுடைய இடது பக்கம்தான் உட்காருவோம். ஒரு காதில் பாடமும் கேட்டாள், பாட்டும் கேட்டாள், எங்கள் சண்டையையும் கேட்டாள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. அவளுக்கு எல்லாமே இடது பக்கம்தான்.

அதன் அர்த்தம் எனக்கு ஒருநாள் கும்பகோணத்தில் புரிந்தது. நான் காப்பித்தூள் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் சாலையோரத்தில். வலது பக்கம் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. இவள் இடது பக்கம் பார்க்கிறாள். அங்கே ஒன்றுமில்லை. சரி, வழி இருக்கிறது என்று காலை எடுத்து முன்னால் வைத்தாள். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா அவள் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தார். பஸ் போய்விட்டது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எனக்கு இன்றுவரை ஹாரன் சத்தம் கேட்டால் உள்ளங்கை வேர்க்கிறது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, நானே போய் அழைத்து வருவேன். பதினோராம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. தோழிகள் வாசலில் வந்து மணியடித்துவிட்டுப் போவார்கள். "இன்னிக்கு ஒருநாள் போறேன் அத்தா" என்பாள். நான் ஸ்கூட்டரை எடுப்பேன்.

மைக்கை எடுத்த பிறகு அந்த ஸ்டூலில் முதலில் அவள்தான் உட்கார்ந்தாள். மச்சானுக்கு அவள் காதைப் பற்றித் தெரியும், ஆனால் அவர் யோசித்துச் செய்கிற ஆள் இல்லை. "கண்ண மூடிக்க. சத்தம் வர்ற பக்கம் கைய நீட்டு" என்று சர்ர் சத்தத்தை ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்ற விட்டார். அவள் கை இடது பக்கம் நீண்டது. சத்தம் வலது பக்கம் போயிற்று, கை இடது பக்கமே இருந்தது. மூட்டையின் மேல் இரைந்தபோதும் அங்கேதான். அவள் கண்ணைத் திறந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள். நான் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டேன்.

மறுநாள் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது வீட்டில் யாருமில்லை. நான் படித்தவன் என்று சொன்னேனே, அந்தப் படிப்பு அப்போது வேலை செய்தது. நல்ல காது இடது பக்கம். ஆக ஐந்து ஸ்பீக்கரையும் இடது பக்கம் கொண்டுபோய்விட்டால் அவளுக்கு ஒன்றுகூடத் தவறாது. ஒயரை இழுத்து, வேர்க்க விறுவிறுக்க ஐந்தையும் இடது சுவரோரம் வரிசையாக நிறுத்தினேன். செய்து முடித்ததும் பெரிய நிம்மதி. சாயங்காலம் நான் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தபோது மச்சானும் வந்து பார்த்தார். "என்ன மச்சான், எல்லாரும் ஒரே பக்கமா நிக்கிறாங்க. ரேஷன்ல சீனி போடுறாங்களா?" மகள் சிரிக்கவில்லை. புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு காதுதான் கேக்கல அத்தா. அந்தப் பக்கமும் ரூம் இருக்கு" என்றாள். வலது பக்க ஸ்பீக்கரை அவளே தூக்கிக்கொண்டுபோய் மூட்டையின் மேல் வைத்தாள்.

மச்சான் மற்றவற்றைப் பழைய இடத்தில் வைத்து, அந்தக் காதை ஏமாற்றும் செட்டிங்கைப் போட்டு, ஏதோ ஒரு படத்தை ஓட விட்டார். மழைக் காட்சி. தகரக் கொட்டகைக்குள் ஒருவன் ஒளிந்திருக்கிறான், கூரையில் மழை கொட்டுகிறது. திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் மகள் தலையைத் தூக்கினாள். எங்கள் கான்கிரீட் தளத்தைப் பார்த்தாள்.

"மாமா, மழை மேல பெய்யுது."

மச்சான் நிறுத்திவிட்டார். "எங்கே?"

சோற்றுக் கையாலேயே மேலே காட்டினாள். அங்கே ஸ்பீக்கர் இல்லை, ஒயர் இல்லை, நின்றுபோன மின்விசிறிதான் இருந்தது. கண்ணைக் கட்டி மறுபடி போட்டார். முன்னால் பேசும் குரலுக்குக் கை எப்போதும்போல இடது பக்கம் போயிற்று. மழைக்கு மேலே போயிற்று. அந்த செட்டிங்கை அணைத்துப் போட்டார். "இப்ப மழை கீழ எறங்கிட்டு" என்றாள். என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். இல்லாத ஸ்பீக்கரின் சத்தம் அவளுக்குச் சரியான இடத்தில் கேட்கிறது. "எனக்கே பாதி நேரம் அது மேல கேக்காது. வித்துக் காசாக்குறதுக்காகச் சொல்றது" என்று மச்சான் முணுமுணுத்தார்.

அந்த வாரமே தஞ்சாவூருக்குப் போனோம். டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. இடமா வலமா என்று சொல்ல இரண்டு காதும் வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. மேலா கீழா என்பதை ஒவ்வொரு காதும் தன் மடலின் மடிப்புகளை வைத்தே பெரும்பாலும் கண்டுகொள்ளும், அது இவளுக்குப் போகவே இல்லை என்றார். அந்த செட்டிங் ஏமாற்றப் பார்ப்பது இந்த மடிப்புகளைத்தான். தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் பக்கமும் கொஞ்சம் பிடிபடலாம், பழகட்டும் என்றார். என் முகம் மலர்வதைப் பார்த்து உடனே சொன்னார்: "ரோட்டுல காத நம்பக் கூடாது. கண்ணத்தான் நம்பணும்."

அதற்குப் பிறகு எங்கள் ஹால் விளையாட்டு மைதானமாகிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் ஸ்டூலில் ஏறி உட்காருவாள். மச்சான் வண்டிகளை ஓட விடுவார், ஹெலிகாப்டரைச் சுற்ற விடுவார். என் மனைவிகூடக் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தம்பியிடம் தோற்று, "ஒன் மெஷின் சரியில்ல" என்று எழுந்து போவாள். மகள் முதலில் நிறையத் தோற்றாள். தோற்றபடியே ஒன்றைக் கண்டுபிடித்தாள். "வலது பக்கத்துச் சத்தம் துண்டப் போத்திக்கிட்டு வருது மாமா. தலையத் திருப்புனா துண்டு நழுவுது." தலையை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் அசைப்பாள், மரத்தில் உட்கார்ந்த கிளி பார்ப்பதுபோல. பிறகு கை நீளும். சரியாக நீளும்போது மச்சான் ஹாலைச் சுற்றி ஒரு நடை நடப்பார். வியாபாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனதும் எல்லாம் மாறிப்போயிற்று. வெறும் சுவர் சத்தத்தைத் திருப்பியடித்தது, அவள் கணக்கெல்லாம் தப்பியது. மறுபடி மரக்கால், மறுபடி மைக், மறுபடி மூச்சு விடாமல் நாங்கள். அவள் சலிக்கவில்லை, முதலிலிருந்து தொடங்கினாள். எனக்குத்தான் கடையில் யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷை எடுத்துப் போட்ட கவனம்.

மச்சான் கத்தாருக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மகள் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தாள். கடை மன்னார்குடி ரோட்டின் மேலே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, போகிற வருகிற வண்டியை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "டிராக்டர், கும்பகோணத்துலேருந்து." சரி. "பால் வேன், மன்னார்குடி பக்கம்." தவறு. கல்லாவில் இருந்த நான் அந்த ஒரு தவறிலேயே எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் எதிர்க் கடைக்குப் போவதற்காக எழுந்து சாலையோரம் வந்து நின்றாள். அங்கேதான் நான் அதைப் பார்த்தேன். ஒரு ஹாரன். அவள் தலை இடது பக்கம் திரும்பியது. அங்கே ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் இந்த இடத்தில்தான் காலை எடுத்து வைத்தாள். இப்போது வைக்கவில்லை. காது சொன்னதைச் சந்தேகப்பட்டு, தலையை முழுக்க வலது பக்கம் திருப்பினாள். பஸ் வந்துகொண்டிருந்தது. அது போகும் வரை நின்று, மறுபடி இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாகக் கடந்தாள். அத்தனை நாளும் நான் எண்ணிக்கொண்டிருந்தது அவள் சரியாகச் சொன்னதை. தப்பாகச் சொன்னபோதெல்லாம் அவள் கற்றுக்கொண்டது இதை.

திங்கட்கிழமை சைக்கிளுக்குக் காற்றடித்தது மச்சான்தான். "அனுப்புங்க மச்சான். நீங்க போற வேகத்துக்கு அவ நடந்தே போயிடுவா" என்றார். தோழிகளோடு கிளம்பிப் போனாள்.

மச்சான் கத்தாரில் யாருடைய கூரையிலோ ஸ்பீக்கர் பதித்துக்கொண்டிருக்கிறார். பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, "மழை மேலயே பெய்யுதா?" என்பதுதான். அவர் ஒன்றும் வைத்தியம் செய்ய வந்தவர் இல்லை. தன் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டி என்று காட்ட ஓர் ஆள் தேடினார், அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஹாரன் கேட்டால் வேர்க்கிறது. ஆனாலும் அந்த முதல் காலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, நல்ல தூரம் விட்டு, அவர்கள் பின்னாலேயே போனேன். வாய்க்கால் பாலத்துக்கு அருகே அவள் சைக்கிளை ஓரம் கட்டினாள். தோழிகளைப் போகச் சொன்னாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தலையை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் அசைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் நேராக முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"பின்னால, வலது பக்கம். சைலன்சர் ஓட்டையா இருக்கு அத்தா. போய்க் கடையத் தொறங்க."

வண்டியைத் திருப்பினேன்.