அத்தையின் நிறத்துக்கு ஒரு லைட் மீட்டர்

மாலை போடுவதற்கு ஒரு போட்டோ வேண்டும் என்று என் மாமியார் கேட்டபோது, நான் அவர் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தோசை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான். அக்காவுக்கு என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். அவருடைய அக்கா காரியத்தில் வைத்திருந்த படத்தை, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ஸ்டூடியோக்காரர் வெளுவெளு என்று வெளுத்துக் கொடுத்திருந்தார். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு, இது யார் என்று காதோடு காதாகக் கேட்டார்கள். அத்தையும் நல்ல கறுப்பு. கைபேசியில் எடுத்தாலும் அது தானாகவே அவரைச் சலவை செய்துவிடுகிறது.

"செத்த பிறகாவது நான் நானா இருக்கணும் மாப்பிள்ளை. நீங்கதான் அந்தப் பழைய கேமராவ மாட்டிக்கிட்டு சுத்துறீங்களே" என்றார்.

என் பிலிம் கேமராவுக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது. விட முடியுமா? ஆனால் நான் போடுவது ஸ்லைடு பிலிம். வெளிச்சக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. அதனால் ஒரு லைட் மீட்டர் வாங்கக் கிளம்பினேன்.

நகரத்தில் பழைய கேமரா விற்கும் சீனக் கடைக்காரர் இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று கைத்துப்பாக்கி மாதிரி. ஆளைக் குறிபார்த்து அழுத்தினால், அவர் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளக்கும். மற்றது வெள்ளைக் குமிழ் வைத்த சின்ன டப்பா. முகத்தருகே பிடித்தால், அவர் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும். முகம் எடுக்கக் குமிழே போதும் என்றார் அவர். எனக்குத் துப்பாக்கிதான் பிடித்தது. ஆம்பளை புத்தி.

ஈசூனில் அத்தை வீட்டு ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து நெற்றியைக் குறிபார்த்தேன்.

"காய்ச்சல்லாம் இல்ல மாப்பிள்ளை" என்றார். சொன்னதோடு நில்லாமல் முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினார்.

படம் வந்தது. மைதா மாவில் விழுந்து எழுந்தவர் போல இருந்தார். அந்த மீட்டருக்கு உலகமே மாநிறமாக இருக்க வேண்டும். கறுப்பைக் கண்டால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டச் சொல்லும். நம் கல்யாணத் தரகர்களிடம் தொழில் பழகியிருக்கும் போல.

"அக்கா போட்டோவுக்குச் சரியான ஜோடி" என்று அத்தை சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாளே போய்க் குமிழுக்கு மாற்றினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே குமிழை எடுத்து மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

குமிழை அத்தையின் தாடைக்குக் கீழே பிடித்தேன். மைக் என்று நினைத்துத் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, ஸ்பீச் எல்லாம் வேணாம்லா, சும்மா இரும்மா" என்றாள் என் மனைவி.

"பவுடர்கூடப் போடலடி. இதுக்கு மேல நான் என்ன செய்ய?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அழுத்திவிட்டேன்.

பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குத்தி, கன்னத்து மரு, அந்தக் கறுப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. அத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் நான்" என்றார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். அந்தச் சந்தோஷத்தில் சுத்தியலும் ஆணியுமாகச் சுவரருகே போனேன்.

"ஐயோ மாப்பிள்ளை! இப்பவே மாட்டிடுவீங்களா?" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். யார் கண்ணிலும் படாமல் அங்கேயே கிடக்கட்டும்.