எதிரணியில் பாத்திரக்கடை அண்ணாச்சி

எம்.ரெட்டியபட்டிப் பொங்கல் விழா மேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சிரிப்பை முதன்முதலாகக் கேட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் ஒரு குரல் மட்டும் அடங்காமல், மூச்சு வாங்கி, மறுபடியும் தொடங்கியது. யார் அது என்று எட்டிப் பார்த்தேன். என் மனைவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள். அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மைக்கின் முன்னால் நின்று அவளைச் சிரிக்க வைத்தவர் பாத்திரக்கடை அண்ணாச்சி. அவர் சொல்லிக்கொண்டிருந்ததோ என் வீட்டுக் கதை. எதிரணியில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

எண்பதுகளில் எங்கள் கரிசல் பக்கத்தில் பருத்தி எடுத்து முடிந்ததும் ஊர் ஊராக அம்மன் கோயில் பொங்கல் சாட்டுவார்கள். ஒரு நாள் நாடகம், ஒரு நாள் கரகாட்டம், வசதியைப் பொறுத்து ஒரு நாள் பட்டிமன்றம். மதுரையிலிருந்து பெரிய பேச்சாளர்களைக் கூப்பிட முடியாத ஊர்கள் அருப்புக்கோட்டையிலிருந்து எங்களைக் கூப்பிடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடுவர். உரக்கடை வைத்திருந்த நான் ஓர் அணி, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி மற்றோர் அணி. குடும்பப் பாரத்தை அதிகம் சுமப்பது ஆணா பெண்ணா என்பதுதான் எல்லா ஊரிலும் விரும்பிக் கேட்கும் தலைப்பு. நான் எப்போதும் பெண்கள் பக்கம் பேசுவேன். அவர் ஆண்கள் பக்கம். ஆனால் கைதட்டுவதென்னவோ பெண்கள் அவருக்குத்தான்.

நான் சோம்பேறி இல்லை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து குறளும் பழமொழியுமாகத் திரட்டி, பொருத்தமான இடத்தில் கோர்த்து, மனப்பாடம் செய்துகொண்டு போவேன். அண்ணாச்சி எதையும் படித்து நான் பார்த்ததில்லை. கடையில் உட்கார்ந்து, வாங்கிய பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவார். உளி தட்டுகிற நேரமெல்லாம் எதிரில் நிற்கும் பெண்கள் தங்கள் மாமியார் கதையையும் நாத்தனார் கதையையும் கொட்டிவிட்டுப் போவார்கள். அதுதான் அவருடைய கைமுதல். எனக்கோ வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு, "நல்லாத்தான் பேசுனீக. பாயிண்டெல்லாம் கரெக்டா இருந்துச்சு" என்பது. பரீட்சைத் தாள் திருத்துகிறவள்கூட இதைவிட ஈரமாகச் சொல்வாள்.

அவர் மேடையில் சொன்ன என் வீட்டுக் கதை இதுதான். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் மனைவி என்னைக் குடங்களோடு அனுப்பினாள். "குழாயில காத்து வருது, இப்ப வந்துரும். பராக்குப் பாக்காம நில்லுங்க" என்றுதான் சொல்லி அனுப்பினாள். வரிசையில் குடங்களை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்தேன். பெண்கள் குடம் சுமக்கும் கொடுமையைப் பற்றிய பகுதி. பேச்சு சுதி ஏறியபோது பின்னால் தண்ணீர் வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை என்று கண்டதும் தெருப்பெண்கள் என் குடங்களை நகர்த்திவிட்டுத் தங்கள் குடங்களை நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீர் நின்றும்விட்டது. வெறுங்குடங்களோடு வீட்டுக்குப் போனேன். மனைவி வாங்கிப் பார்த்தாள். குடங்களை ஒவ்வொன்றாக அடுப்படியில் ணங்கென்று கவிழ்த்தாள். பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்டு வாங்கித்தான் அன்று உலை வைத்தாள்.

இதை அண்ணாச்சியிடம் பஸ்ஸில் போகும்போது நானேதான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எம்.ரெட்டியபட்டி மேடையில் அவர் அதை எடுத்துவிட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. பொம்பளைக படுற பாட்டைக் குழாயடியில நின்னு பேசிப் பழகுனாரு. தண்ணி வந்துச்சு." இந்த இடத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவரு பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுச்சு." மறுபடி துடைத்தார். "போயிருச்சு." அவ்வளவுதான் கதை. பந்தல் அதிர்ந்தது. வீட்டில் குடத்தைக் கவிழ்த்த அதே கைதான் இப்போது முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் பார்த்தபடி தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? அந்த ஆளு நீங்கதான்னு வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். அவள் நினைத்தது நான் அவமானப்பட்டுவிட்டேன் என்று. அவமானமாக இருந்தால் தேவலை. எனக்கு இருந்தது சுத்தமான பொறாமை. என் குடம், என் குழாயடி, என் பெண்டாட்டி; சிரிப்பு மட்டும் அவருக்கா?

அடுத்த கூட்டம் காரியாபட்டியில். அண்ணாச்சிக்கு முன்னால் பேசும் முறை எனக்கு வந்தது. என் பேரைச் சொல்லி, என் கதைதான் என்று அறிவித்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். பந்தலில் சத்தமே இல்லை. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கவலையோடு எழுந்து, "அப்பறம் என்னைக்குய்யா தண்ணி விட்டாக?" என்று கேட்டார். நான் தேதியை யோசிக்கத் தொடங்கினேன். அண்ணாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அன்னைக்கே வந்துருச்சு பெரியவரே. இவுக வீட்டுக்குப் போனதும் கண்ணுல வந்துச்சு" என்றார். அப்போது எழுந்த சிரிப்பில் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரு குரலும் இருந்தது.

அவர் நல்லவராக இருந்ததுதான் கூடுதல் தொல்லை. கூட்டம் முடிந்ததும் தோளில் கைபோட்டு, "தம்பி பந்தைப் போட்டுக் குடுத்தீக, நான் அடிச்சேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். திட்டவும் முடியாது. அவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று, ஒரு டேப்ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு போய்ப் பரளச்சிக் கூட்டத்தில் அவர் பேச்சை முழுக்கப் பதிவு செய்தேன். கடையில் போட்டுப் போட்டுக் கேட்டேன். அவர் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதுதான் அதிகம் என்று புரிந்தது. புரிந்தென்ன, நான் நிறுத்தினால் பேச்சு மறந்துவிட்டது என்று நினைத்து நடுவர் மணியடித்துவிடுவார். கேசட்டைக் கடையிலேயே வைத்திருக்க வேண்டும். டேப்ரெக்கார்டரோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து என் மனைவி சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டாள். காசு கொடுத்து, சுமந்து வந்து, அந்த மனிதரை என் அடுப்படியில் குடிவைத்தவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. பண்டிகை நாளில் பெரிய பேச்சாளர்கள் காலையிலேயே நடுவீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் தேவைப்படவில்லை. அண்ணாச்சி கடையை மகனிடம் ஒப்படைத்தார். கொஞ்ச நாளில் காலமானார். எழவு வீட்டில் என் மனைவி அழுத அழுகையைப் பார்த்து அங்கேயும் எனக்குள் சின்னதாக ஒன்று கடித்தது. செத்தவர் மேல் பொறாமைப்படக் கூடாது என்று எந்த நூலில் இருக்கிறது?

சென்ற மாதம் மதுரையில் மகள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். முதல்நாள் ஜவுளிக்கடையில் நடந்ததைச் சொன்னேன். "எதுத்தாப்புல ஒரு கிழவன் வந்தான். ஒதுங்குவான்னு நின்னேன். அவனும் நின்னான். வயசுல பெரியவன் சொல்றேன், வழிய விடுய்யான்னேன்." இங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். யாரும் மணியடிக்கவில்லை. "அவனும் அதைத்தான் சொல்றான்." இன்னொரு வாய் குடித்தேன். "கையை நீட்டுனேன். கண்ணாடி."

பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடித்த பிறகும் ஒரு சிரிப்பு நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, மறுபடி தொடங்கியது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகள் தோளில் சாய்ந்திருந்தாள். எத்தனை வருஷத்து ஏக்கம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்படியே அண்ணாச்சி பேசுனாப்புலயே இருந்துச்சு" என்றாள்.

"யாரு அப்பத்தா அண்ணாச்சி?" என்று மகன் வயிற்றுப் பேத்தி கேட்டாள்.

"பாத்திரக்கடை அண்ணாச்சியத் தெரியாதா உனக்கு?" என்று சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தாள் என் மனைவி. பிள்ளைகள் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கை கழுவ நான் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.