அண்ணன் வீட்டுப் படிகள்

ஞாயிற்றுக்கிழமை. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் பார்க்கில், வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக் கறிவேப்பிலைச் செடிகள் விற்கிறார் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு தொட்டியில் மண் பாதிக்கு இறங்கி வேர் தெரிகிறது. அதில் புதுமண் போடுகிறார்.

"தண்ணி ஊத்த ஊத்த மண் கழுவுப்பட்டுப் போகுது, பிள்ளை."

"கழுவிப் போகல, அங்கிள். அது இலைமக்கு. காத்துப் பட்டு மட்கி, காத்தோடயே போயிடுது."

மண் ஆய்வு என் வேலை. அதைப் பற்றிப் பேசத்தான் மலேசியாவிலிருந்து சிட்னிக்கு வந்திருக்கிறேன். அவரிடமும் சொல்கிறேன்: ஜொகூரில் என் அண்ணனின் அன்னாசித் தோட்டம் முழுக்க, மரமும் இலையும் நீருக்கடியில் மட்காமல் சேர்ந்த கரிய மண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் அதற்குள் காற்று புகுகிறது. நெருப்பே இல்லாமல் எரிவதுபோல் அந்த மண் கரியமில வாயுவாகிப் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் கை நிற்கிறது. "அப்ப வாய்க்காலை மூடேலாதோ?"

"மூட வேணாம். வாய்க்கால்ல தண்ணிய கொஞ்சம் ஏத்தி வச்சாலே மண்ணு போறது குறையும். வேர் அழுகிட்டா பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு அண்ணன் பயப்படுறார்."

"பயம் இருக்கும்தானே." தொட்டியைத் தட்டி மண்ணைச் சமப்படுத்துகிறார். "நான் எண்டா மேல மண் போடுறன். அண்ணன் என்ன செய்யிறவர்?"

"வீடு ஆழமான தூண் மேல நிக்குது, அங்கிள். மண்ணு மட்டும்தான் இறங்குது. வாசலுக்குக் கால் எட்டாமப் போறப்ப, கீழ இன்னொரு படி கட்டுறார்."