ஒட்டிப்போன மலை

போன வருடம் சந்தைக் கண்காட்சிக்காக, என் மகளின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பெரிய சாக்குத் துணியில் ஒரு மலைப் படம் செய்தார்கள். இலை, பூ, விதை எல்லாவற்றையும் இறப்பர் மரத்துப் பாலால் ஒட்டியிருந்தார்கள்.

த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றும்போது என் வீட்டுக்காரர் அதைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டினார்.

“பால் ஒட்டிக்கும்ங்க, சுருட்டாதீங்க!” என்று கத்தினேன்.

“தினமும் பால் வெட்டுறவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?” என்றார்.

கண்காட்சியில் எவ்வளவு இழுத்தும் சாக்கு பிரியவே இல்லை. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

“எங்க மலைய எப்பப்பா விரிப்பீங்க?” என்று மகள் கேட்டாள். பால் வெட்டுகிறவர் சாக்கின் மறுமுனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

இந்த வருடம் தாய்மார் நாங்களே நாலு மூலையையும் பிடித்து, புதுப் படத்தை விரித்தபடியே நடந்து கொண்டுபோனோம். அவர் கையில் தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான். அதன் மூடியையும் நானே இறுக்கிக் கொடுத்தேன்.