மாஸ்கோவில் வைத்த புத்தகம்

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அந்துருண்டை வாங்கினேன். மழை பிடித்துக்கொண்டதால் பீரோவில் புடவைகளெல்லாம் பூஞ்சை பூக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவதற்குள் பையிலிருந்த கைக்குட்டை, பேருந்துச் சீட்டு, கல்லூரியில் திருத்துவதற்காக வைத்திருந்த விடைத்தாள்கள் என எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு அந்துருண்டை என்றால் பட்டுப்புடவை ஞாபகம் வருமாம். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டில் பட்டுப்புடவையும் இல்லை, அதை வைக்கப் பீரோவும் இல்லை. எனக்கு அது நூலகத்தின் வாடை. முகர்ந்ததும் வருவது கோபம். ஒரு வாடைக்கு இவள் ஏன் கோபப்படுகிறாள் என்று நினைக்காதீர்கள். சொல்கிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், இரண்டு பக்கமும் நிழல் விழுந்து கிடக்கும் ஓரிடத்தில் பேருந்து நிற்கும். அங்கே இறங்கினால் எங்கள் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்கு எந்தப் பெயராக இருந்தால் என்ன. 2005இல் முதுகலை வரலாறு படிக்கப் போனேன். அண்ணாகிராமத்துப் பக்கம் எங்கள் ஊர். அப்பா முந்திரித் தோப்புக் காவல், அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

திமிர் இருந்ததே தவிர விவரம் இருந்ததில்லை. நூலகத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது வாசலுக்கு நேராகச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகளாக இருந்தன. பித்தளைப் பிடி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி. எங்கள் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். இங்கே எதற்கு மருந்து விற்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியாதுப்பா. நானும் இன்னிக்குத்தான் வரேன்" என்றாள். அவள்தான் ஸ்டெல்லா. கடலூர் முதுநகர்க்காரி, தாவரவியல். அதற்குப் பிறகு மூன்று வருடம் விடுதியில் ஒரே அறை.

அது புத்தகப் பட்டியல் அட்டை வைக்கிற இழுப்பறை என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. இன்னொன்றை அதற்கு முன்பே, முதல் நாள் சாயங்காலமே தெரிந்துகொண்டேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அட்டெண்டர் ராஜவேலு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக ஆட்டிக்கொண்டே வருவார். அது பெண்களுக்கான மணி. ஆண்கள் ஒன்பது மணி வரை உட்கார்ந்து படிக்கலாம். பெண்கள் ஆறு மணிக்கு வெளியேற வேண்டும், ஆறரைக்கு விடுதியில் வருகைப் பதிவு, அதோடு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மணிச் சத்தம் கேட்டதும் மூலை மேஜையிலிருந்து ஒரு குரல் வரும்.

"கோழிய கூட்டுல அடைக்கிற நேரம் ஆயிடுச்சு. எல்லாம் கெளம்புங்க தாயே."

அந்தக் குரல் சேகர் அண்ணனுடையது. எங்கள் துறையிலேயே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் பத்து மணிக்கு எழுந்து, மத்தியானம் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு நூலகத்துக்கு வருவார். நாங்கள் எழுந்த சூடு ஆறுவதற்குள் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் விட்டுப்போன புத்தகத்தைப் பிரிப்பார். மறுநாள் காலையில் போனால் அந்தப் புத்தகம் அவர் பெயரில் ஆய்வாளர் அலமாரியில் பூட்டியிருக்கும். ஒரே பிரதி உள்ள புத்தகம் என்றால் அவ்வளவுதான், ஒரு மாதத்துக்குக் கண்ணில் படாது.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. மாடியில் கடைசி வரிசைக்குப் பின்னால், ஜன்னல்கூட இல்லாத இடத்தில், ருஷ்ய மொழிப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. எந்தக் காலத்திலோ அங்கே ருஷ்ய மொழி வகுப்பு நடந்ததாம், அப்போது அன்பளிப்பாக வந்தவை. எந்திரவியல், உலோகவியல், இன்னும் என்னென்னவோ. தடித்தடியான அட்டை. பூச்சி அரிக்காமல் இருக்க ராஜவேலு அங்கேதான் அந்துருண்டையைக் கொட்டி வைத்திருப்பார். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. ஆறு மணி அடிக்கும்போது, மறுநாளைக்கு வேண்டிய புத்தகத்தை அந்த அலமாரியில் ருஷ்யப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிட்டு இறங்க வேண்டியது.

அதற்கு மாஸ்கோ என்று பெயர் வைத்தோம். ஒரே மாதத்தில் வேதியியல் பெண்கள், தமிழ்த்துறைப் பெண்கள், கணிதத்தில் எப்போதும் தலைவலியோடு திரியும் இரண்டு பேர் என எல்லோரும் மாஸ்கோவுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். சாப்பாட்டு வரிசையில் "உன் புக்கு எங்கடி?" என்று ஒருத்தி கேட்பாள், "மாஸ்கோவுல" என்று இன்னொருத்தி சொல்வாள். வார்டன் மேடம் எங்களில் யாரோ வெளிநாடு போகப்போவதாக நினைத்து ஒருநாள் விசாரித்தார். அங்கே ஓர் ஒழுங்கும் இருந்தது. அவரவர் புத்தகத்தில் அவரவர் அடையாளம். எனக்குச் சடைப்பின், ஸ்டெல்லாவுக்கு ஏதாவதொரு காய்ந்த இலை. ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி தொட மாட்டாள். ராஜவேலுவுக்குத் தெரியும். "என்னாம்மா, அங்க குளுரு ஜாஸ்தியா?" என்று மணியை ஆட்டிக்கொண்டே கேட்பார். காட்டிக்கொடுத்ததில்லை.

ஒளித்து வைப்பது தப்பில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தப்பில்லை. ஒருவனுக்கு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் கதவு எனக்கு ஆறு மணிக்கு மூடினால், அந்த மூன்று மணி நேரத்தை நான் எங்கேயாவது போய் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதுகலை முடித்து அங்கேயே எம்.ஃபில். சேர்ந்தேன். எங்கள் மாவட்டத்தில் கூலி வேலை செய்த பெண்களின் வரலாறு என்று தலைப்பு. அம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தலைப்பு தோன்றும்? முந்திரிக்கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கைகளுக்கு முன்னால் யார் கைகள் இருந்தன என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் கமலவேணியம்மாளின் ஆய்வேடு கிடைத்தது. தட்டச்சு செய்த தாள்களைக் கறுப்பு அட்டையில் கட்டியிருந்தார்கள். எனக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் படித்தவர் அவர். பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த பெண்களைத் தேடிப்போய், அப்போது கிழவிகளாகியிருந்த அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருந்தார். ஒரு கிழவி, சுமை தூக்கும்போது பாடியதைப் பாட மறுத்துவிட்டாளாம். "கூலி குடுத்தா பாடுறேன்" என்றாளாம். அதையும் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மாடியில் தனியாக நின்று சிரித்தேன்.

எங்கள் துறைத் தாழ்வாரத்தில் பெரிய அறிஞர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேராசிரியர்கள் துறையின் வரலாற்றைச் சொல்வார்கள். அதில் கமலவேணி என்ற பெயரை நான் கேட்டதே இல்லை. என் நெறியாளரிடம் கேட்டேன். "அப்படி யாரும் ஞாபகம் இல்லியேம்மா" என்றார்.

பழைய ஆய்வேடுகளை நகலெடுக்க அனுமதி கிடையாது. கையால் எழுதிக்கொள்ளலாம். நாளெல்லாம் துறையில் வகுப்பும் எடுபிடியும். நான்கு மணிக்கு மேல்தான் நூலகம். நான்கிலிருந்து ஆறு வரை எழுதுவேன், மணி அடித்ததும் சடைப்பின் வைத்து மாஸ்கோவில் செருகுவேன். முக்கால்வாசி ஆய்வேடு பாக்கி இருந்தபோது 2008 பொங்கல் விடுமுறை வந்தது. ஆண்கள் விடுதி திறந்திருக்கும், எங்களுடையதைப் பூட்டுவார்கள். சேகர் அண்ணனும் ஊருக்குப் போகவில்லை. எனவே ஊருக்குக் கிளம்புவதற்கு முன் எல்லாப் பெண்களும் மாஸ்கோவுக்குப் போனோம். அலமாரி பிதுங்கியது.

திரும்பி வந்தபோது அலமாரி இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு. கீழே கணினி மேஜைகள் நான்கு, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். ஆய்வுக் குழு பார்வையிட வருகிறதாம். அதற்குள் இடம் ஒழிக்க வேண்டும் என்று உத்தரவாம். யாரும் படிக்காத புத்தகம்தானே என்று ருஷ்ய அலமாரியை அப்படியே எடைக்குப் போட்டுவிட்டார்கள். ராஜவேலுவும் பொங்கலுக்கு விடுப்பில் போயிருந்தார். "நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேம்மா. கான்ட்ராக்ட் ஆளுங்கள வச்சு அள்ளிட்டாங்க. ஒரு புக்கக்கூடப் பிரிச்சுப் பாக்கல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் ஸ்டெல்லாவும் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினோம். பழைய பேப்பர் கிடங்கு ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் அதை எடைக்கு வாங்கிய ஆளைப் பிடித்தோம். காது குடைந்துகொண்டே பேசினார்.

"ரஷ்யா புக்கா? நல்ல அட்டையாச்சே. அன்னிக்கே லோடு ஏத்தியாச்சு."

"எங்கண்ணா போச்சு?"

"மில்லுக்கு. கூழாயிருக்கும் இந்நேரம். பரீட்சை புக்காம்மா? கடையில வேற ஒண்ணு வாங்கிக்கயேன்."

ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். "இத வேற எங்கயும் விக்க மாட்டாங்கண்ணா." பரங்கிப்பேட்டைக் கிழவிகளில் ஒருத்திகூட இன்று உயிரோடு இருக்க மாட்டாள். நான் மறுபடியும் போய்க் கேட்க அங்கே யாரும் இல்லை.

சரி, விற்றவர்கள் வருத்தப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? வேறு துறையிலிருந்தும் புத்தகம் காணவில்லை என்று புகார் போனதும், நூலகர் எங்களைத்தான் கூப்பிட்டனுப்பினார். பத்துப் பதினைந்து பெண்கள் அவர் அறையில் சுவரோரமாக நின்றோம். என் நெறியாளரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"யாரு ஒளிச்சு வச்சது?" என்றார் நூலகர்.

"நான் வச்சேன் சார்" என்றேன். "ஆறு மணிக்கு வெளிய அனுப்பாம இருந்தா வச்சிருக்க மாட்டேன்."

"பேச்ச மாத்தாத. பல்கலைக்கழகச் சொத்து உன்னால போயிருக்கு."

"வித்தது நான் இல்ல சார்."

"ஆறு மணி ரூல் உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் நெறியாளர், இதமாக.

அந்த இதம்தான் என்னை எரித்தது. எங்கள் விடுதிச் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவும் அக்காமார்கள் ஒன்பது மணிக்கு மேல் அதே சாலையில்தான் தனியாக நடந்து ஊருக்குப் போனார்கள். என் அம்மா கம்பெனியிலிருந்து இருட்டிய பிறகுதான் தோப்பு வழியாக வீடு திரும்புவாள். அவர்களுடைய பாதுகாப்புக்காக யாரும் மணி ஆட்டியதில்லை. வேலை செய்ய வெளியே நிற்கும் பெண்ணுக்கு இருட்டு ஒன்றும் செய்யாதாம், படிக்க உட்கார்ந்தால்தான் செய்யுமாம். இதை அப்படியே அந்த அறையில் சொன்னேன். நூலகர் மின்விசிறியைப் பார்த்தார். மறுவாரம் அறிவிப்புப் பலகையில் உத்தரவு வந்தது: மாணவிகள் மாடிக்குச் செல்லக் கூடாது. வேண்டிய புத்தகத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தரப்படும்.

நெறியாளர் கமலவேணியை வைத்து எழுதவிருந்த அத்தியாயத்தை விட்டுவிடச் சொன்னார். நான் விடவில்லை. எழுதி வைத்திருந்த கால்வாசியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அடியில் கமலவேணியின் பெயரைப் போட்டு எழுதினேன். வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மிக்சரைக் கொறித்துக்கொண்டே பக்கம் புரட்டியவர் அங்கே நின்றார்.

"யாரு இந்த கமலவேணி? ரொம்ப நல்லா இருக்கே. மூலத்தப் பாக்கலாமா?"

"அது இப்ப கெடைக்காதுங்க சார்" என்றார் நெறியாளர் அவசரமாக.

"எடைக்குப் போட்டுட்டாங்க சார்" என்றேன் நான்.

தேர்வாளர் தட்டைத் தள்ளி வைத்தார். வெளியே வந்ததும் நெறியாளர், "ஒனக்கு வாய் ஜாஸ்திம்மா, அதான் ஒன்னோட பிரச்சன" என்றார். எனக்கு அதில் மறுப்பில்லை.

இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். கௌரவம் பெயரில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு சான்றிதழ் வேலையாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனவள், நூலகத்தையும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு. மருந்துக் கடை இழுப்பறைகள் இல்லை, ராஜவேலு ஓய்வுபெற்றுப் போய்விட்டார், அவர் மணி எங்கே என்று தெரியவில்லை. ருஷ்ய மொழிப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. மாடிக்குப் போனேன், யாரும் தடுக்கவில்லை. மாவட்ட வரலாற்று அடுக்கில் என் ஆய்வேடு இருந்தது. பரங்கிப்பேட்டைக் கிழவிகள் பேசியதில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அதிலுள்ள அந்தக் கால்வாசி மட்டும்தான்.

இறங்கி வரும்போது மணி ஆறரை இருக்கும். மேஜைகளில் பெண்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல் பக்கம் புரட்டினார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டிருந்தாள். வாசல் மேஜையில் இருந்த இளைஞரிடம் கேட்டேன்.

"பொண்ணுங்க எத்தன மணி வரைக்கும் இருக்கலாம்?"

"எல்லாருக்கும் எட்டு மணி மேடம்."

"எப்பலேருந்து இப்படி?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எப்பவுமே இப்படித்தானே மேடம்" என்றார்.

"இல்ல" என்றேன். எதிரில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.