மாமா தூங்கப் போகும் தீவு

என் அக்கா வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். எங்கே வண்டியை நிறுத்தினாலும் மூக்கு சாலையைப் பார்த்தபடிதான் நிறுத்துவார். பால் வாங்க ஸ்கூட்டரில் போனாலும், திருப்பிப் புறப்படத் தயாராக வைத்துவிட்டுத்தான் இறங்குவார். செருப்பையும் அப்படித்தான் கழற்றுவார், வாசலைப் பார்த்தபடி. சாப்பாடு கேட்கவே வேண்டாம். கோழி கொத்துவது மாதிரி நாலு கொத்து, எழுந்துவிடுவார்.

"சோறு எங்கயும் ஓடிடாது மாமா" என்பேன்.

"சோறு ஓடாது மாப்ள. நான்தான் ஓடணும்" என்பார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. படுப்பார், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலும் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். போன மாதம் ஒரு நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சிக்னலில் நின்ற வண்டியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த நர்ஸ்தான் உலுக்கி எழுப்பினாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த மேலதிகாரி லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

"நல்லா தூங்கிட்டு வாங்க. டாக்டர் பாத்து சரின்னு சொன்னா வண்டி. இல்லைன்னா ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கிற வேலைதான்."

மாமா இடிந்து போனார். வண்டியைப் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷனிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது. தூங்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே, இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று.

தீவு யோசனை அக்காவுடையது. கரையிலிருந்து படகில் போனால் ஆள் இல்லாத ஒரு தீவு இருக்கிறது. கரண்ட் கிடையாது, கடை கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. கூடாரம் அடித்து, விறகு பொறுக்கித்தான் சமைக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரைக்கூட நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"அங்க உங்களை எவனும் கூப்பிட முடியாது" என்றாள் பெருமையாக.

மாமாவின் முகம் வெளுத்தது. "ஏதாவது அவசரம்னா?"

"அவசரம்னா இன்னொருத்தர் போவாரு. ஊர்ல உங்களுக்கு மட்டும்தான் வண்டி ஓட்டத் தெரியுமா?"

மாமா அரை மனதாக ஒப்புக்கொண்டார். மூட்டை கட்டும் வேலையைத் தானே செய்வதாகவும் சொன்னார். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் ஒத்திகை. என் நண்பனிடம் இரவல் வாங்கிய கூடாரத்தை மாமா அடித்துக்கொண்டிருக்க, அக்கா பைகளைத் திறந்தாள். பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் கட்டை, மடக்கு ஸ்ட்ரெச்சர். அடுத்த பையிலும் அதே கதை. தீப்பெட்டி இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு மணி அரிசி இல்லை.

"ஏங்க, இதை வச்சுக்கிட்டு தாராளமா அடிபடலாம். சாப்பிடத்தான் முடியாது!"

"நாம போறதே மூணு பேர். இதுல ஸ்ட்ரெச்சர் எதுக்கு மாமா?" என்றேன்.

"ஒருத்தர் விழுந்தா தூக்குறதுக்கு ரெண்டு பேர் வேணும்ல மாப்ள? அதுக்குத்தான் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

நான் ஏதோ பாசத்தில் கூப்பிடுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பேரம் பேசி, கட்டுத்துணியும் மருந்தும் கொண்ட ஒரு சின்ன டப்பாவோடு நிறுத்தினாள் அக்கா. ஸ்ட்ரெச்சர் கீழே போனது, அரிசியும் பருப்பும் மேலே வந்தன. பிறகு கூடாரத்தைப் பார்த்தாள். அதன் வாசல் சரியாக மாடிப்படியைப் பார்த்து இருந்தது.

"அங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க? சுத்திலும் கடல்தான்" என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்துக் கூடாரத்தையே திருப்பிக் கட்டினாள். "படுத்துப் பாருங்க."

மாமா படுத்தார், ஷூவோடு. அக்கா இரண்டையும் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். நானும் அவளும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். கூடாரத்துக்குள் புரளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கீழே சாலையில் சைரன்.

கூடாரம் ஆடியது. மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. சைரன் தெருமுனையில் வளைந்து, தூரமாய்ப் போனது. மாமா அதைக் கடைசிவரை கேட்டார்.

"நம்ம ஸ்டேஷன்ல புதுசா சேந்தவன்" என்றது உள்ளேயிருந்து அவர் குரல். "வளைவுல வேகத்தைக் குறைச்சான் பாரு. கெட்டிக்காரன். பத்திரமா கொண்டுபோய்ச் சேத்துடுவான்."

மறுபடி படுத்துக்கொண்டார். நாங்கள் மூச்சு விடாமல் காத்திருந்தோம். பிறகு குறட்டை வந்தது, மர அறுவை மில் மாதிரி.

அக்கா மாடியின் அந்தக் கோடிக்குப் போய்ப் படகுக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, நாங்க வர்றது நிச்சயம். படகைத் தயாரா வச்சிருங்க."

"எதுவும் கேக்கலம்மா. ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க?"

"வீட்டுக்காரர் தூங்குறாருண்ணே" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.