தயிர்ச் சட்டியில் முளைத்த கினிப்புல்

கலஹா பாதையோரம் இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் போஞ்சிக் கொடிகளுக்கு ஒரு பாத்தி வைத்திருந்தேன். நீளம் பதினெட்டு அடி நாலு அங்குலம். போன வருடம் அதில் போஞ்சியைவிடக் கினிப்புல்தான் அதிகம். பிடுங்கினால் அடுத்த கிழமையே மறுபடி நிற்கும். மாட்டுத் தீவனத்துக்கென்று ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த புல் அது. கண்டிப் பக்கத்து மேடு, பள்ளம், ரயில் பாதை எதையும் அது விட்டுவைக்கவில்லை.

மனைவிக்குப் பொறுமை தீர்ந்தது. ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்பது அவருடைய பழைய வழக்கு.

"ஏங்க, பொங்கலுக்குள்ள இந்தப் புல்லு போகணும். இல்லன்னா கொங்கிரீட்டுதான்."

"அப்ப போஞ்சி?"

"போஞ்சி எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

மூன்று காய்களைக் காட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். எந்தப் பொருளையும் எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் உள்ளே எடுப்பதில்லை. புல்லையும் அப்படியே விசாரித்தேன். நாட்குறிப்பைப் புரட்டினால், சாணம் போட்ட ஒவ்வொரு ஞாயிறுக்குப் பிறகும் புதுப் புல் முளைத்திருந்தது.

சாணம் மேல் வீட்டு அக்கா கொடுப்பது. கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வுபெற்று ஒரு பசு வளர்க்கிறார். நான் முற்றத்து ஓரத்துப் புல்லை அறுத்துக் கொடுப்பேன். அவர் ஓர் உரப்பை நிறையச் சாணம் தருவார்.

உறுதிசெய்ய மூன்று தயிர்ச் சட்டிகளை ஜன்னலில் வைத்தேன். ஒன்றில் அக்காவின் சாணம், ஒன்றில் கடை உரம், ஒன்றில் வெறும் மண். பழைய விதை எதுவும் இருக்கக்கூடாது என்று மூன்றுக்கும் மண்ணை வறுத்தே நிரப்பினேன். எந்தப் பாத்திரத்தில் வறுத்தேன் என்பதை நாட்குறிப்பில்கூட எழுதவில்லை.

சாணச் சட்டியில் மட்டும் புல் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஒங்க மாட்டுச் சாணியில புல்லு வெத இருக்கு."

"மாடு என்னா கடையிலயா சாப்பிடுது, கிளார்க்கையா? நீங்க குடுக்குறதத்தான் திங்கிது. எளசா அறுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? 'கட்டு நெறயட்டும்'னு கதிர் முத்துற வரைக்கும் வச்சிருந்தது யாரு?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். 'கட்டு நிறையவில்லை, அடுத்த ஞாயிறு' என்று ஒன்பது இடங்களில் என் கையெழுத்திலேயே இருந்தது.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப நீங்களே வெதச்சி, நீங்களே புடுங்கியிருக்கீங்க," என்றவர் கொங்கிரீட் போடும் ஆளுக்கு அப்போதே போன் செய்தார்.

மறுநாள் காலை பால் போத்தலோடு வந்த அக்கா, முற்றத்தில் கிடந்த மணல் குவியலைப் பார்த்தார்.

"இங்க பூசிட்டா என் மாட்டுக்குப் புல்லு ஏது தங்கச்சி? பாலும் கொறைஞ்சிரும். பொறகு பாலில்லாத சாயத் தேத்தண்ணிதான் குடிக்கணும்."

மனைவி கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னை அளவு நாடா கொண்டுவரச் சொன்னார்.

ஸ்கூட்டருக்கு ஆறடி நாலு அங்குலம், புல்லுக்குப் பன்னிரண்டு அடி. போஞ்சி இப்போது ஐந்து உரப்பைகளில் கூரையோரமாக ஏறுகிறது. அதற்குக் கடை உரம்தான்.

புல்லை இளசாகவே அறுக்கிறேன். கட்டு நிறையாமல் கொடுக்கும்போது இன்னும் கை கூசுகிறது.